அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கம்

வழக்கமாக இங்கே நான் எழுதுவது கைக்குழி வெட்டும் விதம், பட்டுச் சேலைக்கு எந்த லைனிங் ஒத்துவரும், கல்யாணச் சீசனில் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி, இப்படியானவைதான். இந்த முறை அதொன்றுமில்லை. மாதச் சுகயீனத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம், கோபமில்லை. எழுதட்டா என்று இவரிடம் கேட்டபோது, "உள்ளதை எழுது, என்னை மட்டும் நல்லவனாக் காட்டு" என்றார். பார்ப்போம்.

2024 மாசி மாதம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் என் தையலறை. கூறைச் சட்டைக்கு அளவு கொடுக்க ஒரு மணப்பெண் தாயோடு வந்திருந்தாள். தோள் எழுதியாயிற்று, மார்பு எழுதியாயிற்று. கைக்குழிக்கு நாடாவைச் சுற்றும்போது தாய் கதைத்துக்கொண்டிருந்த சத்தம் தூரப் போனது, ஆரோ றேடியோவைக் குறைத்த மாதிரி. பிறகு நிலம் குளிர்ந்தது. கண் திறந்தபோது என் தலை அந்தப் பிள்ளையின் மடியில். நாடா இன்னும் அவள் கையில் சுற்றியபடி. "பிள்ளை, உங்கட உடுப்பு ஊறிப்போச்சோ?" என்றுதான் நான் முதலில் கேட்டேனாம். அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள்.

தாய்க்காரி கெட்டிக்காரி. 1990 க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அதில் வந்த தம்பி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "அம்மா, இரத்தமே இல்லையே" என்றார். அது வரைக்கும் எல்லாருக்கும் நான் அக்கா. அம்மாவான நாளும் அதுதான். அது வேறு ஒரு அடி.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6.9 என்று வந்தது. பெண்களுக்கு 12 க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை என்பார்கள், 8 க்குக் கீழே என்றால் கடுமை. இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி கட்டிலடியில் வந்து நின்று கேட்டாள்.

"வழமையா எத்தனை நாள் போகும் அக்கா?"

"எட்டு, ஒன்பது. சில நேரம் பத்தும்."

"கனக்கப் போகுமோ?"

"ஓம், கனக்கத்தான்."

"கனக்க எண்டா எவ்வளவு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வாசலில் ஒருத்தி வந்து நிற்கும்போதே மார்பு 36, கை 11 என்று மனதுக்குள் எழுதிவிடுகிற ஆள் நான். அரை அங்குலம் பிசகினால் இரவு நித்திரை வராது. என்னிலிருந்து மாதா மாதம் போவது எவ்வளவு என்று நாற்பத்தாறு வயது வரைக்கும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏன் தெரியவில்லை என்று பிறகு கட்டிலில் கிடந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் அது அளக்கிற சாமான் இல்லை, மறைக்கிற சாமான். துடக்கு என்றால் சாமியறைக்குப் போகக் கூடாது, கிணற்றடியில் துணியை ஆரும் பார்க்க முதல் அலம்பிவிட வேண்டும், காயப் போடுவது கோடிப் பக்கம், மேலே ஒரு பழைய சீலையை மூடி. 1995 ஐப்பசி (ஒக்ரோபர்) 30 ஆம் திகதி சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த மழை இரவில் எனக்கு வயது பதினேழு, அன்றைக்கும் இரண்டாம் நாள். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட சனத்துக்கு நடுவில் அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுருட்டி என் கையில் தந்தா. ஒரு சொல் கதைக்கவில்லை. மழையில் எல்லாரும் நனைந்திருந்தது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று ஆருக்குச் சொல்ல? அப்படிப் பழகிய உடம்பு இது. எவ்வளவு போனாலும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டால் சுகம் என்று அதுக்கு நினைப்பு.

பிறகு நாட்டில் பொருளாதாரம் விழுந்த 2022 வந்தது. பெற்றோல் வரிசை, கரண்ட் வெட்டு, எல்லாவற்றோடும் பாட் விலையும் ஏறியது. எனக்கென்ன, தையல்காரி. வெட்டுத் துண்டில் பருத்தி, அதுக்குள் ஃபிளனல், நாலு மடிப்பு, ஓரம் ஓவர்லொக். நன்றாகத்தான் தைத்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். துணியில் ஒரு குற்றமும் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பாட் என்றால் பெட்டி முடிகிறது, காசு போகிறது, "என்ன இந்த மாதம் மூண்டு பெட்டியோ" என்று ஒரு கணக்காவது வரும். துணி அலசி அலசிக் காய்கிறது, கணக்கில் வராது. அந்த வருடம்தான் எனக்கு ஐந்து நாள் எட்டு நாளானது. இரவில் துவாய் போட்டுப் படுத்தேன். தையல் கதிரையில் றபர்சீற் வந்தது. கறுப்புப் பாவாடை மட்டும் உடுத்தேன். கல்யாண வீடுகளுக்குப் போகாமல் விட்டேன். இவ்வளவையும் செய்துகொண்டு "எனக்கு ஒண்டுமில்லை" என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உடம்பு சும்மா இருக்கவில்லை, சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பச்சையரிசி ஆசை வந்தது. சோறாக இல்லை, அரிசியாகவே. மெஷின் லாச்சிக்குள் ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு வைத்து, பொபின் சுற்றுகிற நேரம் ஒரு பிடி வாயில். பல்லுக்குள் நொறுங்கும் அந்தச் சத்தமும் மாவு மணமும், சொன்னால் சிரிப்பீர்கள், அது இல்லாமல் வேலை ஓடாது. இவர் இரவில், "வீட்டில எலி கொறிக்குது, மருந்து வைக்க வேணும்" என்றார். நான் பேசாமல் மென்றேன். இரும்புச்சத்து அடியோடு வற்றினால் சிலருக்கு அரிசி, மண், சோக்கட்டி, ஐஸ் என்று உணவில்லாததில் ஆசை வருமாம். வாயில் அரிசியோடு இரண்டு வருடம் இருந்துவிட்டு இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கேள்விப்பட்டேன். மூச்சு வாங்கியது, தலைமயிர் கொத்தாகக் கொட்டியது, நகம் வெளிறியது, எல்லாவற்றுக்கும் "வயசு போகுது" என்று ஒரே பதிலை வைத்திருந்தேன்.

ஒருமுறை வைத்தியரிடம் போகாமலும் இல்லை. 2023 இல் தனியார் இடம் ஒன்றில் காட்டினேன். பெயர் வேண்டாம். ஐந்து நிமிடம். "இந்த வயசில இப்பிடித்தான், நிக்கப் போகுது" என்று பத்து நாளைக்கு நோரெதிஸ்டெரோன் குளிசை எழுதித் தந்தார். இரத்தம் சோதிக்கவில்லை, ஸ்கான் இல்லை, கர்ப்பமோ என்றுகூடக் கேட்கவில்லை. குளிசை போட நின்றது. முடிந்து மூன்றாம் நாள் அணை உடைத்த மாதிரி வந்தது. அந்தக் குளிசை அப்படித்தான், விட்டதும் இரண்டு மூன்று நாளில் கட்டாயம் போகும் என்று ஆரும் எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்? அதே துண்டைக் கொண்டுபோய் பாமசியில் காட்டி இன்னும் இரண்டு தரம் வாங்கிப் போட்டேன். பாமசிக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தக் குளிசை யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குப் புதிதில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் நாள் தள்ளிப்போட எத்தனை பேர் போடுகிறோம் என்று எனக்குத் தெரியும், சட்டைக்கு அளவு கொடுக்கிற பெண்கள் என்னிடம் கதைக்காத கதை இல்லை. தேருக்குப் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்க நேர்ந்தவள் என்ன செய்வாள்? நான் ஆரையும் ஏசப் போவதில்லை, நானும் போட்டவள்தான். ஆனால் அது வெறும் கோயில் குளிசை இல்லை, ஹோர்மோன். காலில் இரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள், ஈரலில் வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது. பிறகு "ஏன் மாதம் குழம்பிப் போச்சு" என்று டொக்டர் கேட்கும்போது போட்டதை மறைக்கவும் கூடாது. மூன்று மாத ஊசி, கருத்தடைக் குளிசை, கருப்பைக்குள் வைக்கிற லூப், இரத்தம் கட்டாமல் குடிக்கிற மருந்து, எல்லாமே போக்கை மாற்றும்.

சரி, வார்ட்டுக்கு வருகிறேன். முதலில் கர்ப்பப் பரிசோதனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. "வயசு 46 எண்டாலும் முதல் அதைத்தான் பாப்பம் அக்கா. கர்ப்பம் கலைஞ்சாலும், குழாய்க்குள்ள தங்கினாலும் இப்பிடித்தான் இரத்தம் போகும்." இல்லை என்று தெரிந்த பிறகு இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். ட்ரனெக்ஸாமிக் அசிட் குளிசை தந்தார்கள், 500 மில்லிகிராமில் இரண்டிரண்டாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. இது ஹோர்மோன் இல்லை. கருப்பைக்குள் இரத்தம் உறைந்து வாய்க்கால் அடைபட்டதும் அதைக் கரைக்க உடம்பே ஒரு வேலை செய்யுமாம், அந்தக் கரைப்பை இது தடுக்கிறது. போகிற நாட்களில் மட்டும், நாலைந்து நாள் போட்டால் போதும். போக்கு ஏறக்குறையப் பாதியாகும். இவ்வளவு எளிய மருந்தை இரண்டு வருடம் தெரியாமல் இருந்தேனே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு விடும்போது அந்தப் பிள்ளை ஒரு துண்டின் பின்பக்கத்தில் மூன்று பாட் கீறினாள். ஒன்றில் சின்னக் கறை, ஒன்றில் பாதி, ஒன்று முழுக்க. "சின்னக் கறைக்கு 1, பாதிக்கு 5, முழுக்க ஊறினா 20. சின்னக் கட்டி விழுந்தா 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு மாதத்துக் கூட்டுத்தொகை 100 ஐத் தாண்டினா கனக்க எண்டு அர்த்தம்." அதாவது 80 மில்லிலீற்றருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம், சாதாரணத் தேநீர்க் கோப்பையில் அரைவாசி. என்னில் போவது அதிலும் குறைவாக இருக்கும் என்றும் பட்டது, கூட இருக்கும் என்றும் பட்டது. துணி விடுத்துப் பாட் வாங்கினேன், எண்ணத் தொடங்கினேன். எண்ணியது எங்கே? வேறெங்கே, என் அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்.

பங்குனி மாதம், குளிசையோடேயே, இரண்டாம் நாள்: முழு 4, பாதி 3, பெரிய கட்டி 2. கூட்டினால் 105. ஒரே நாளில். மாதம் முழுக்க 212. ஒரு வாடிக்கையாளர் கொப்பியைப் பிரட்டிப் பார்த்து, "மு நாலு, பா மூண்டு, க ரெண்டு... இது ஆற்ற அளவு அக்கா?" என்றார். "என்ர" என்றேன்.

கிளினிக்கில் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது பெரிய டொக்டர், எல்லாரும் வீ.ஓ.ஜி என்று சொல்கிற பெண்நோயியல் நிபுணர், முழுதாக வாசித்தார். பிறகு சொன்னார்: "நல்ல வேலை செய்திருக்கிறீங்கள். ஆனா ஒண்டு. இந்த எண் இல்லாமலும் நீங்கள் வந்திருக்கலாம். உங்கட வேலையை, நித்திரையை, வெளிய போறதைக் குழப்புது எண்டா அதுவே எங்களுக்குக் காணும்." றபர்சீற், கறுப்புப் பாவாடை, போகாத கல்யாண வீடுகள். எண்ணத் தெரியாவிட்டாலும் அளவு என்னிடம் இருந்திருக்கிறது. வழமை எது என்றும் சொன்னார்: 24 நாளிலிருந்து 38 நாளுக்குள் ஒருமுறை வருவது, எட்டு நாளைத் தாண்டாமல் போவது, இடையில் கறை படாமல் இருப்பது. உறவு வைத்த பிறகு இரத்தம் படுவதும் வழமையில்லை, அதற்குக் கருப்பைக் கழுத்தைப் பார்க்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கிற சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவார்களே, அது இந்தக் கழுத்துக்குத்தான். மிட்வைஃப் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து சொல்லியும் நான் போகவில்லை. பிறகு போனேன்.

காரணங்களை உலக மட்டத்துப் பெண்நோயியல் சம்மேளனம் 2011 இல் ஒன்பதாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பாம், கொயின் என்று மனப்பாடம் பண்ணுவார்களாம். பாம் என்றதும் எனக்குப் பனைதான் நினைவு வந்தது, அது உள்ளங்கையாம். உள்ளங்கையில் உள்ள நாலும் ஸ்கானிலோ நுணுக்குக்காட்டியிலோ கண்ணுக்குத் தெரிவன: உள்ளே தொங்கும் சதை வளர்ச்சி, கருப்பையின் உள்படையான லைனிங் சுவருக்குள் ஊடுருவுவது, கருப்பைத் தசையில் வளரும் பைப்ரொயிட் கட்டி, புற்றுநோயும் அதுக்கு முந்திய தடிப்பும். மற்ற ஐந்தும் கண்ணில் படாதவை. இரத்தம் உறையாத குறை, முட்டை வெளிவராத மாதங்கள், லைனிங்கின் சொந்தக் கோளாறு, மருந்துகள், ஒன்றிலும் அடங்காதவை.

லைனிங் என்று டொக்டர் சொன்னதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. சட்டைக்கு உள்ளே கொடுக்கிற துணிதானே. மாதத்தின் முன்பாதியில் ஈஸ்ட்ரஜன் அதைத் தடிப்பாக்கும். முட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்டெரோன் வந்து அதை ஒழுங்காகப் பிடித்து வைக்கும், தையல் போடுகிற மாதிரி. அது குறையும்போது முழு லைனிங்கும் ஒரேயடியாகக் கழன்று வரும். முட்டை வெளிவராத மாதத்தில் தையல் போட ஆள் இல்லை. துணி மட்டும் தடித்துத் தடித்து, கடைசியில் அங்கொரு துண்டு இங்கொரு துண்டாகப் பிய்ந்து விழும். வயதுக்கு வந்த புதிதிலும், நிற்கப் போகிற காலத்திலும், பி.சி.ஓ.எஸ் என்ற சூலக நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கும், தைரொயிட் குழம்பினவர்களுக்கும் நடப்பது இது. மூன்று மாதம் வராமல் இருந்து பிறகு ஒரு மாதம் முழுக்கப் போகிறது என்று சொல்கிறவர்கள் பலர் இந்த வகை. வராமல் இருப்பதை அவர்கள் சுகம் என்று நினைக்கிறார்கள். பிடிக்க ஆளில்லாமல் வருடக்கணக்கில் தடித்த லைனிங்தான் பிற்பாடு புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கிறது.

எனக்குக் கீழ்வழி ஸ்கான் செய்தார்கள். வெட்கமாக இருந்தது. அது இரண்டு நிமிட வெட்கம். சுவரில் மூன்று சென்ரிமீற்றர் பைப்ரொயிட் ஒன்று, ஆனால் குற்றவாளி அதில்லை, அது உள்ளறையைத் தொடாமல் தன் பாட்டில் இருந்தது. உண்மையான காரணம் அடினோமயோசிஸ், லைனிங் சுவருக்குள் ஊடுருவி, சுவர் தடித்து, கருப்பை பருத்திருந்தது. 45 தாண்டியதால் லைனிங்கில் ஒரு துளி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரோவிலும் மெல்லிய குழாய். இழுக்கும்போது அடிவயிறு ஒருமுறை சுருண்டது, ஒரு நிமிடம், முடிந்துவிட்டது. நோ அதில்லை, றிப்போர்ட் வருகிற வரைக்கும் இருந்த மூன்று கிழமைதான். அந்த மூன்று கிழமையில் நான் தைத்த சட்டை ஒவ்வொன்றையும் இரண்டாம் தரம் பிரித்தேன். இவர் ஒன்றும் கேட்காமல் காலையில் புட்டு அவித்தார், கல்லு மாதிரி. சாப்பிட்டேன். (இதை எழுதச் சொன்னது இவர்.) புற்றுநோய் இல்லை, தடிப்பும் இல்லை என்று வந்தது.

எனக்கு வந்தது நல்ல சேதி என்பதற்காக எல்லாருக்கும் அப்படி என்று எழுத மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா. ஐம்பத்தொன்றில் நின்றுவிட்டது, அறுபத்தொன்றில் ஒருநாள் உள்ளாடையில் ரூபாய்க் குற்றியளவு கறை. விரதச் சூடு என்று இளநீர் குடித்துவிட்டு இருந்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரியால் வந்ததைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்த இடத்தில்தான் மெல்லச் சொன்னார். நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு துளி பட்டாலும் காட்டத்தான் வேண்டும், அப்படி வருகிற பத்துப் பேரில் ஒருவருக்குக் கிட்டப் புற்றுநோய் இருக்கும் என்று அதே கிளினிக்கில் கேட்டு வந்தவள் நான். அடுத்த நாளே இழுத்துக்கொண்டு போனேன். லைனிங் 4 மில்லிமீற்றருக்குள் இருந்தால் பயம் குறைவு, அவருக்கு 14. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். கருப்பையை எடுத்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச நாள் போய் வந்தார். போன ஆவணியில் பேத்தியின் கல்யாணத்துக்கு என்னிடம் சட்டை தைத்தார். கழுத்து இறக்கம் காணாது என்று குறை வேறு.

இன்னொன்று என் பெறாமகள். பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையானாள். உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, சாமத்தியவீட்டு வீடியோ, எல்லாம் சிறப்பாக நடந்தது. பிள்ளைக்குப் பதினான்கு நாள் நிற்காமல் போனதை மட்டும் ஆரும் கணக்கெடுக்கவில்லை. "துவக்கத்தில அப்பிடித்தான்" என்றார்கள். பலருக்கு அப்படித்தான், அது பொய்யில்லை. ஆனால் இவளுக்குப் பங்குனி வெயிலில் மூக்காலும் வரும், பல்லுப் பிடுங்கினால் தலையணை நனையும். அதைச் சேர்த்துச் சொன்ன பிறகுதான் டொக்டர் இரத்தம் உறைவதைச் சோதித்தார். வொன் வில்லபிராண்ட் நோய், இரத்தம் சரியாக உறையாத பரம்பரைக் குறை. எரிக் வொன் வில்லபிராண்ட் என்ற ஃபின்லாந்து வைத்தியர் 1926 இல் ஓலண்ட் தீவுக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். அந்தக் குடும்பத்துச் சிறுமி ஹியோர்டிஸ் தன் நாலாவது மாதவிடாயிலேயே இரத்தம் போய் இறந்துவிட்டாள், வயது 13. இதை வாசித்த இரவு நான் பெறாமகளின் வீட்டுக்குச் சும்மா போய் அவள் நித்திரை கொள்வதைப் பார்த்துவிட்டு வந்தேன். அவளுக்கு இப்போது அந்த நாட்களுக்குக் குளிசை இருக்கிறது. வயிற்றுநோவுக்கு நாங்கள் எல்லாரும் போடுகிற மெஃபெனாமிக் அசிட் அவளுக்கு ஆகாது, அதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் என்ன செய்வது என்ற கேள்வி. சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே பதில்: "பிள்ளை பெத்து முடிஞ்சுது, எடுத்துப் போடு." மாமி அப்படியே சொன்னார், கிணற்றடி வாழை மரத்தைத் தறிக்கச் சொல்கிற மாதிரி. ரொறொன்ரோவில் இருக்கிற தங்கச்சிக்குப் பெரிய பைப்ரொயிட்டுகள், அவள் எடுத்துவிட்டாள், நிம்மதியாக இருக்கிறாள். சூலகங்களை விட்டுத்தான் எடுத்தார்கள், அதனால் அவளுக்கு மாதம் நின்றதே தவிர உடம்பு ஒரேயடியாகக் கிழவியாகவில்லை. ஆகவே எடுப்பது பிழை என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் எனக்கு அது பெரிய சத்திரசிகிச்சை, ஆறு கிழமையாவது பாரம் தூக்க முடியாது, மெஷின் மிதிக்க முடியாது. டொக்டரிடம் வேறு வழி உண்டா என்று கேட்டேன். கேட்டால் சொல்கிறார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிசையோடேயே போகலாம் என்றார். ஹோர்மோன் குளிசை உண்டு. உள்ளறைக்குள் தலை நீட்டுகிற பைப்ரொயிட் என்றால் வயிறு வெட்டாமல் கீழ்வழியாகவே சுரண்டி எடுக்கலாம், எனக்கு அது பொருந்தாது. லைனிங்கைச் சுட்டுவிடும் முறையும் உண்டு, பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும். பிறகு மேசையில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். லூப் மாதிரியே ஆங்கில ரி (T) எழுத்து வடிவம், ஆனால் செம்பு இல்லை. தண்டுக்குள் 52 மில்லிகிராம் லெவோனோஜெஸ்ட்ரெல் என்ற ஹோர்மோன். கருப்பைக்குள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், லைனிங் தடிக்கவே விடாது. ஐந்து வருடம் வேலை செய்யும். "லூப் போட்டா இன்னும் கூடப் போகும் எண்டல்லோ சொல்லுறவை?" என்று கேட்டேன். செம்பு லூப்புக்கு அது சரி, இது நேரெதிர் என்றார். விலை கூடத்தான். இரண்டு மாதத் தையல் கூலியைக் கொடுத்து 2024 சித்திரையில் போட்டுக்கொண்டேன். போடும்போது நொந்தது, பிள்ளைப் பேற்று நோவின் ஒரு சின்னத் துண்டு மாதிரி.

முதல் மூன்று தொடங்கி ஆறு மாதம் கறை பட்டுக்கொண்டே இருக்கும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியும் எனக்குப் பொறுமை போனது. வைகாசியில் 34, ஆனியில் 41, ஆடியில் 38. கனக்க இல்லை, ஆனால் நாளும் பொழுதும் ஒரு துளி. நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் போக முடியவில்லை. கழற்றச் சொல்லிக் கிளினிக்குக்குப் போனேன். வாசலில் இருந்த நேர்ஸ் மிஸ் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "212 இல இருந்து 38 க்கு வந்திட்டு, இப்ப கழட்டப் போறீங்களோ?" என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். ஐப்பசியில் 12. மார்கழியில் 3.

இரத்தம் போவதை நிறுத்தினால் மட்டும் போதாது, போனதைத் திருப்ப வேண்டும். ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை, உடம்பின் இரும்புக் களஞ்சியத்தை அளப்பது, எனக்கு 4 தான் இருந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் களஞ்சியம் வெறுமையாக இருக்கிறவர்கள் உண்டாம். இரும்புக் குளிசையை நான் முதல் மாதம் தேத்தண்ணியோடு விழுங்கினேன். யாழ்ப்பாணத்தில் வேறென்னத்தோடு விழுங்குவது? சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது என்று பாமசி மிஸ் ஏசினார். பிறகு வெறும் வயிற்றில், தேசிக்காய்த் தண்ணியோடு, தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் தள்ளி. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு இறுகியதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார்கள், அப்படிப் போட்டாலும் உடம்பு நன்றாகவே இழுக்கிறதாம். எண் சரியான பிறகும் மூன்று மாதம் விடக் கூடாது. முருங்கையிலை நல்லதுதான், நானும் சுண்டினேன். ஆனால் 6.9 ஐ முருங்கையிலையால் தூக்கலாம் என்று ஆராவது சொன்னால் அவரிடம் அம்புலன்ஸ் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு சேர்த்து ஒன்று: ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் முழுக்க ஊறி அது இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்தால், தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் காத்திருந்தேன், மற்றவளின் கைக்குழியைப் பிடித்தபடி விழுந்தேன். அந்தப் பிள்ளையின் கூறைச் சட்டையைப் பிறகு வேறொரு தையல்காரி தைத்தாராம். கை கொஞ்சம் இறுக்கம் என்று கேள்வி.

இந்தத் தையில் ஹீமோகுளோபின் 12.6. நேற்று மெஷினுக்கு எண்ணெய் விட லாச்சியை முழுக்க இழுத்தேன். பின்னால் பால்மா ரின். எப்போது கடைசியாக அதைத் தேடினேன் என்று ஞாபகமே இல்லை. மூடியைத் திறந்தால் அரிசி முழுக்க வண்டு. ஒன்றை வாயில் போட்டுப் பார்ப்போமா என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த கையோடு போயும் விட்டது. பின்வளவுக்குக் கொண்டுபோய் கோழிகளுக்குக் கொட்டினேன். வண்டையும் சேர்த்துத்தான் கொத்தின.